திருகின் மேல் இரண்டு விரல்

ஒருவர் நன்றாகப் பாடினார் என்றோ மோசமாகப் பாடினார் என்றோ சவுண்ட் அண்ணை சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் எங்கள் பிள்ளையார் கோவில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். பத்து நாளும் பாட்டுக்குள்ளேயே இருந்தவர். பூசை முடிந்து சனம் கலையும்போது யாராவது போய் இன்றைக்குப் பாடினவை எப்படி என்று கேட்டால், வயரைச் சுருட்டிக்கொண்டே, "நான் வயர் பாக்கிற ஆள்" என்பார். ஊருக்கெல்லாம் மைக் வைக்கிறவர் தன்ரை வாய்க்கு மட்டும் வைக்கிறாரில்லை என்று கோவில் நிர்வாக சபையில் ஒரு பகிடி இருந்தது. எல்லாரும் அவரைச் சவுண்ட் அண்ணை என்றார்கள். சொந்தப் பெயரைச் சபையின் பதிவேட்டில் செயலாளர் என்ற முறையில் நானே பல தடவை எழுதியிருக்கிறேன். அவர் காலமாகி எட்டு மாதமாகிறது. பெயரை இங்கே எழுதவில்லை, வீட்டார் விரும்பமாட்டார்கள்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலையில் புளியங்கூடலிலிருந்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாமான்களோடு வருவார். நான்கு வீதியிலும் உள்ள பனைகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அரைநாள் வேலை. உப்புக்காற்று மைக்கைக் கெடுக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருப்பார். சோதிப்பதற்கு "ஹலோ, ஹலோ" என்று கத்துவதில்லை. மைக்கின் முன்னால் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து உரசுவார். மேற்கு வீதியில் நிறுத்தப்பட்டிருக்கிற ஆள், அது கேட்டால் கையைத் தூக்கவேண்டும். என்னையும் அப்படிப் பல தடவை நிறுத்தியிருக்கிறார். வெயிலில் நின்றுகொண்டு ஒரு மனிதனின் விரல்கள் பனை உச்சியில் உரசுவதைக் கேட்டிருக்கிறேன்.

அவருடைய இடம் வசந்த மண்டபத்துக்கு வடக்கே ஒரு தகரக் கொட்டில். கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியில், மேடைக்கு முதுகு காட்டி இருப்பார். பாடுகிறவரின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. அம்பிளிபயரின் முகப்பில், சின்னக் கண்ணாடிக்குள் ஒரு ஊசி ஆடிக்கொண்டிருக்கும். கோடு தாண்டினால் சிவப்பு. அதன் கீழே பூச்சியத்திலிருந்து பத்து வரை இலக்கமிட்ட திருகு. வலது கையின் அந்த இரண்டு விரலும் பாட்டுத் தொடங்கி முடியும்வரை திருகின் மேல் இருக்கும். இன்னாருக்கு ஏன் சத்தம் குறைவு என்று யாராவது சண்டைக்குப் போனால், "நான் ஒண்டும் செய்யேல்லை. ஊசி எங்கை நிக்கச் சொல்லுதோ அங்கை விடுறன்" என்பார். போனவர் ஊசியைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

நானும் அதை நம்பினேன். பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞனாக இருக்கிறவனுக்கு, ஊசி காட்டுகிறது என்றால் அதற்குமேல் கேள்வி இல்லை.

ஒரு வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அதிகாரி பிரதம விருந்தினராக வந்து சைவமும் ஒழுக்கமும் பற்றிப் பேசத் தொடங்கினார். இருபது நிமிடம் போனபின் அவருடைய குரல் மெல்லத் தேயத் தொடங்கியது. ஒரு நிமிடத்துக்கு ஒரு நூல் அளவு. முன்வரிசையில் இருந்த எங்களுக்கே கடைசியில் வாயசைவுதான் தெரிந்தது. அவர் களைத்துப்போனார் என்று நினைத்து ஒரு பெண் சோடா கொண்டுபோய்க் கொடுத்தாள். அவரும் தான் களைத்துவிட்டதாகவே நினைத்தார். நன்றி சொல்லி அமர்ந்தார். நான் கொட்டிலை எட்டிப் பார்த்தேன். சவுண்ட் அண்ணை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு அது பகிடியாக மட்டும்தான் தெரிந்தது.

இன்னொன்று, வேலணையில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவரைப் பற்றியது. கரகரத்த தொண்டை. சங்கீதம் படித்தவரல்ல. ஒரு திருவிழாவில் பாட வரவேண்டியவர் வராததால் சும்மா இடம் நிரப்ப ஏற்றிவிட்டோம். இரண்டாவது அடியில் அந்தக் கரகரப்பு நான்கு வீதியிலும் எழுந்து நின்றது. கச்சான் கடையில் நின்றவர்கள் கடலைச் சுருளைக் கையில் பிடித்தபடி திரும்பினார்கள். அதிலிருந்து அவர் எங்கள் பகுதியின் பாட்டுக்காரர். ஒவ்வொரு வருடமும் அவர் இல்லாமல் நிகழ்ச்சி இல்லை. பிறகு ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு கோவிலில் கூப்பிட்டார்கள். அங்கே வேறு ஆளின் ஸ்பீக்கர். போய்ப் பாடிவிட்டு வந்தவர் நாலு நாள் யாரோடும் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் கடையடியில், "அங்கத்தை மைக் சரியில்லை" என்றார். எல்லாரும் ஓம் என்றோம். சவுண்ட் அண்ணையும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இனி என் மனைவியைப் பற்றி எழுதவேண்டும். அவள் இல்லாமல் இந்த மனிதரைப் பற்றி நான் எழுதவே வந்திருக்கமாட்டேன்.

அவள் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. கலியாணத்துக்கு முன் வாய்ப்பாட்டுப் படித்துச் சோதனைகளும் எடுத்தவள். குசினியில் சமைக்கும்போது பாடுவாள். எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை நான் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டதில்லை. கட்டியவன் காது நடுநிலையானதல்ல. ஒன்பது வருடத்துக்கு முன், எங்கள் குடும்பம் செய்கிற ஆறாம் நாள் திருவிழாவில் அவள் பாடுவதாக முடிவானபோது, சரியாகக் கேட்டுச் சொல்லவேண்டும் என்பதற்காகவே நான் முன்வரிசையில் இருக்காமல் மேற்கு வீதிக்குப் போய், பனையின் கீழே சனத்தோடு சனமாக நின்றேன். ஊர் கேட்கிற இடத்தில் நின்று கேட்பதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

அங்கே குரல் வந்தது. ஆனால் தூரத்து வீட்டிலிருந்து வருவதுபோல வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் காணி விலையைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவர் நேரம் பார்த்தார். கனடாவிலிருந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த என் தமையன், சத்தம் போதவில்லை என்று செய்தி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டாள். "மேற்கு வீதியில வடிவா விளங்கேல்லை. குரல் எடுபடேல்லை" என்றேன். அவள் தோட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு குசினியிலும் பாடவில்லை. பாடாமல் விட்டுவிட்டாள் என்பது எனக்குத் தெரிய ஒரு வருடம் எடுத்தது. ஒரு சத்தம் நின்றுபோனதை உடனே கவனிக்கிற ஆளாக நான் இருக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து சபைக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் வந்தது. எழுதியவரின் மாமனார் பாடியது நேரலையில் கேட்கவில்லையாம்; வேண்டுமென்று செய்யப்பட்டதாம். நேரலைக்காரருக்கும் சத்தம் அந்த அம்பிளிபயரிலிருந்துதான் போகிறது. அடுத்த திருவிழாவில் யாராவது பக்கத்தில் இருந்து கவனிக்கவேண்டும் என்று சபை முடிவெடுத்தது. எழுதுகிறவன் நான்தான் என்பதால் என்னை இருத்தினார்கள். அவர் ஆட்சேபிக்கவில்லை. இன்னொரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

பத்து நாளும் ஒரு கொப்பியில் எழுதினேன். பாடுகிறவர், திருகின் இலக்கம், ஊசி நின்ற இடம். மூன்றாம் நாளே எனக்கு அது தெரிந்தது. ஊசிக்கும் திருகுக்கும் சம்பந்தமே இல்லை. இடிமுழக்கம்போலப் பாடிய ஒருவருக்கு ஊசி நடுவிலேயே நின்றது. அண்ணை நான்குக்கு இறக்கினார். நூல்போன்ற குரலுள்ள ஒரு அம்மாவுக்கு எட்டு வைத்தார்; ஊசி சிவப்பில் படுத்துக் கிடந்தது; விட்டுவிட்டார். ஒரே ஆளுக்கு முதல் அடியில் ஆறு, மூன்றாம் அடியில் ஏழரை, இழுக்கத் தொடங்கியபோது ஐந்து. அவ்வளவு நேரமும் கண் மூடியிருந்தது. சனம் கதைக்கத் தொடங்குவதைக் கேட்டுத்தான் இறக்குகிறாரோ என்று கவனித்தேன். இல்லை. முதலில் விரல் அசைந்தது. அதற்குப் பிறகுதான் வீதியில் கதை தொடங்கியது. அடுத்த நாள் காலையில் கடையடியில் யார் நன்றாகப் பாடினார் என்று கதை வரும்போது நான் சும்மா நின்று கேட்டேன். ஏழுக்கு மேல் போனவர்களை எல்லாரும் புகழ்ந்தார்கள். நான்குக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றி, பாவம், வயது போய்விட்டது என்றார்கள். ஒவ்வொருவரும் தன்னுடைய அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் என் கொப்பியில் முதல்நாளே இலக்கமாக இருந்தது.

கடைசித் திருவிழாவான பூங்காவனம் முடிந்த மறுநாள், அவர் ஸ்பீக்கர் கழற்றிக்கொண்டிருந்தபோது கொப்பியைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"வடிவா எழுதியிருக்கிறீர்," என்றார்.

"அண்ணை, நீங்கள் ஊசியைப் பாக்கிறேல்லை."

"ஓம்."

"அப்ப நல்லாப் பாடினாக் கூட்டுறியள். இல்லாட்டிக் குறைக்கிறியள்."

"அப்பிடியில்லைத் தம்பி." குழாயைத் துடைத்த துணியை மடித்து வைத்தார். "நல்லது கெட்டது எண்டு நான் நினைக்கிறதுக்கு முதல் கை போயிடும். போன பிறகுதான் எனக்கே தெரியும். ஆரம்பத்தில ஊசியைப் பாத்துத்தான் செய்தனான். அப்பிடிச் செய்தால் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாக் கேக்குது. என்னாலை இருக்க ஏலாமல் போச்சு. அதுக்காக என்ரை கை சரியெண்டு நான் சொல்லமாட்டன். ஆரிட்டைக் கேட்டுச் சரிபாக்கிறது? சனம் எல்லாம் என்ரை கையாலைதானே கேக்குது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருக்கவில்லை. மாறாக, யாராவது இதைத் தன்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்களா என்று பார்க்கிற ஒருவரைப்போல என்னைப் பார்த்தார். இருபது வருடமாக ஒரு ஊரின் காதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தவர். சபைக்கு என்ன அறிக்கை கொடுக்கப்போகிறீர் என்று கேட்டார். இயந்திரக் கோளாறு என்று எழுதுவதாகச் சொன்னேன். அப்படித்தான் எழுதினேன்.

பிறகுதான் அதைக் கேட்டேன். ஆறாம் திருவிழா, என் மனைவி, என்ன நிறச் சேலை, என்ன பண், எத்தனை மணி, எல்லாம் சொன்னேன். அவர் கொப்பியைத் திருப்பித் தந்தார்.

"ஞாபகம் இல்லை."

"குறைச்சனீங்களோ?"

"குறைச்சும் இருப்பன். கூட்டியும் எடுபடாமல் விட்டிருக்கும். எனக்குச் சொல்லத் தெரியேல்லைத் தம்பி."

அவள் பாடாமல் விட்ட அத்தனை வருடமும் அந்த ஒரு மாலையில் கிடந்தது. அதைச் செய்தவருக்கு அது நினைவில் இல்லை. நேரலையின் பதிவு இன்னும் இருக்கிறது. ஆனால் அதிலும் அவருடைய கைதான். மைக் இல்லாமல் அவளைக் கேட்டவன் நான் ஒருவன். என் காதை நானே தள்ளுபடி செய்திருந்தேன்.

என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பெட்டியை லான்ட்மாஸ்டரில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். "ஒருக்கா வீட்டை கூட்டிக்கொண்டு வாரும்," என்றார். "மைக் இல்லாமல் இருந்து பாடட்டும். கேட்டுட்டு வாயாலை சொல்லுறன்." வாயால் சொல்வதாக அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும்.

இதை மனைவியிடம் சொல்ல எனக்குப் பதினொரு மாதம் எடுத்தது. சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம் சொன்னால் அது சாட்டாகத்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை, அவள் மாணவர்களின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது சொன்னேன். சிவப்புப் பேனையை மூடிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அப்ப அண்டைக்கு நீங்கள் சொன்னது உங்கடை காதாலை கேட்டுச் சொன்னதில்லையோ?"

"மேற்கு வீதியில நிண்டு கேட்டனான்."

"நான் வசந்த மண்டபத்தில பாடினனான்," என்றாள்.

 அடுத்த கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பாடத் தொடங்கினாள். என்னைக் கிணற்றடிக்கு அனுப்பிவிடுவாள். தொண்டை துருப்பிடித்துப்போயிற்று என்று தன்னைத்தானே பேசுவது மட்டும் கேட்கும். ஒரு மாதம் கழித்து, வருகிற ஞாயிறு போகலாம் என்றாள். அவருக்குச் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் குளித்துவிட்டு வரும்போது விழுந்தார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். உயிர் இருந்தது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்த செய்தி கேட்டதும் மனைவி போகலாம் என்றாள். நோய் வருத்தம் பார்க்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"நான் பாடப்போறன்," என்றாள். "காது போகேல்லைத்தானே."

"அவராலை ஒண்டும் சொல்ல ஏலாதப்பா. கையும் இல்லை."

"முகம் இருக்கு. நான் கண்ணை மூடித்தான் பாடுவன். நீங்கள் அவரைப் பாருங்கோ. வேறை ஒரு வேலையும் உங்களுக்கு இல்லை."

மோட்டார் சைக்கிளில் போனோம். அவருடைய மகன் கட்டாரில். மருமகள்தான் பார்த்துக்கொண்டாள்; பம்பரம்போலச் சுழன்று வேலை செய்கிற பெண். யன்னலோரம் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தாள். வலது கை ஒரு தலையணையில் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு விரலும் மற்ற மூன்றைப்போலத்தான் இருந்தன. எங்களை அடையாளம் கண்டார் என்று நினைக்கிறேன். மனைவி விடயத்தைச் சொன்னாள். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல இல்லாமல், ஒரு பெரியவருக்குச் சொல்வதுபோல, தான் யார், எந்தத் திருவிழா, என்ன கேட்டு வந்திருக்கிறாள் என்று ஒழுங்காகச் சொன்னாள். மருமகள் தேத்தண்ணி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். மனைவி கதிரையைக் கட்டிலடிக்கு இழுத்துப்போட்டு இருந்து, சேலைத் தலைப்பை மடியில் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் பாடிய அதே பதிகத்தைத் தொடங்கினாள்.

முடிந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். இடது கண்ணிலிருந்தும் வலது கண்ணிலிருந்தும் வழிந்து, கோணிப்போன வாயின் ஓரமாக இறங்கித் தலையணை நனைந்திருந்தது. மனைவி கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். வருடக்கணக்காக நான் பார்த்திராத ஒரு முகம் அவளுக்கு வந்தது.  நான் அவளுடைய தோளில் கை வைத்தேன்.

மருமகள் துவாயோடு உள்ளே வந்தாள். பழகிய கையால் அவருடைய முகத்தைத் துடைத்தாள்.

"நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ அக்கா," என்றாள். "மாமாவுக்கு இப்ப எல்லாத்துக்கும் உப்பிடித்தான் வரும். விழுந்த வருத்தத்தின்ரை குணமாம், டொக்டர் சொன்னவர். துக்கமும் இல்லையாம், சந்தோசமும் இல்லையாம். இண்டைக்குக் காலமையும் பாண் ஓட்டோவின்ரை பாட்டுக்கு அழுதவர்."

பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ எங்கள் பகுதியெல்லாம் போகும். கூரையில் ஒரு சின்ன ஸ்பீக்கர். தேய்ந்துபோன கிணிகிணி மெட்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதைக் கேட்டுத்தான் ஊர் காலையில் பாண் வாங்க ஒழுங்கைக்கு வருகிறது.

 மருமகள், ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டோமோ என்று என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துத் திரும்ப வைத்தேன். மனைவி தலைப்பைத் தோளில் போட்டுச் சரிசெய்தாள். பிறகு, பாடசாலையில் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"பாண் ஓட்டோவுக்கு எவ்வளவு நேரம் அழுதவர்?"

மருமகள் உண்மையாகவே யோசித்தாள். "ஓட்டோ முடக்குத் திரும்பிற வரைக்கும் அழுதவர் அக்கா. சத்தம் போனதோடை நிண்டிட்டுது."

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எப்ப துவங்கினவர்? முதல் அடியிலையோ? இல்லாட்டி முடிக்கிற நேரமோ?"

"நான் பாக்கேல்லை," என்றேன்.

"அவரைப் பாக்கச் சொன்னனான்."

"ஓம்."

"அப்ப என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

"கேட்டுக்கொண்டிருந்தனான்."

அவள் கட்டிலைப் பார்த்தாள். மருமகள் துடைத்துவிட்ட முகம் காய்ந்திருந்தது. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் கேட்டது மட்டும் காணாது," என்றாள்.